அப்பத்தா நந்தினி கட்சி

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொன்னதில்லை. கோபம் வந்தால் அம்மா பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார். அப்பத்தா கோழியைத் திட்டுவாள். ஆனால் கதையில் வருகிறவர்களைப் பற்றி என்றால் மூன்று பேரும் நாள்கணக்கில் பேசுவார்கள். வள்ளி செய்தது சரியா, நந்தினி மேல் என்ன தப்பு, அப்பத்தா போனபின் என்றால் ‘மெட்டி ஒலி’ டிவி தொடரின் சிதம்பரம் ஏன் இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்கிறார் என்று சோறு ஆறிப்போகும் வரை பேச்சு ஓடும். வீட்டில் நடந்த முக்கியமான பேச்சுவார்த்தை எல்லாம் இப்படிக் கதை மாந்தர்கள் தலையில் ஏற்றித்தான் நடந்தது என்பது எனக்குப் பிடிபடவே பல வருடம் ஆனது.

அதனால்தான், நாடகத்தை சினிமா கெடுத்தது, புத்தகத்தை டிவி கெடுத்தது, டிவியை செல்போன் கெடுத்தது, கடைசியில் எல்லாம் சேர்ந்து குடும்பத்தைக் கெடுத்தது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. எங்கள் குடும்பம் நாடகம், புத்தகம், டிவி என்ற இந்த மூன்றின் தயவில்தான் ஓடியது.

புதுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். திருவிழா வந்தால் ஒரு ராத்திரி நாடகம் நிச்சயம் உண்டு. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விசித்திரமான ஏற்பாடு அது. கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையவே கிடையாது. கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், நாயகியாக நடிக்கிற ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனை வேறெங்கிருந்தோவும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். பல சமயம் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் நடந்துவிடும். சுவாமிகள் காலமானது 1922இல். இன்றைக்கும் ‘வள்ளி திருமணம்’ என்று நோட்டீஸ் அடித்தால் யார் எப்போது நுழைய வேண்டும், எந்தப் பாட்டுக்கு யார் பதில் பாட்டுப் பாட வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடந்தன, பாடம் மட்டும் தெரிந்து, ஒத்திகை இல்லாமல்.

நாடகம் பத்து மணிக்கு ஆரம்பித்தால் முடிய விடிந்துவிடும். சாயங்காலமே பாயை விரித்து இடம் பிடித்துவிடுவோம். முதலில் பபூன் வந்து ஊரைச் சிரிக்க வைப்பார், நடுவில் யாராவது பத்து ரூபாயை ராஜபார்ட் சட்டையில் குத்துவார், உடனே பாட்டை நிறுத்தி அன்பளிப்புக் கொடுத்தவர் பேரை மைக்கில் சொல்ல வேண்டும், ஆர்மோனியக்காரர் அதையும் ஒரு ராகத்தில் இழுப்பார். இதெல்லாம் நடக்கும்போது அப்பத்தா நன்றாகத் தூங்குவாள். ஆனால் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கும்போது எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தினைப்புனத்தில் நிற்கிற வள்ளியிடம் நாரதர் வந்து கல்யாணப் பேச்சை எடுப்பார். வள்ளி மடக்கி மடக்கிக் கேட்பாள். பேச்சு ஆண் பெரிதா பெண் பெரிதா என்று எங்கெல்லாமோ போகும். அன்றைக்கு வந்திருக்கும் ஸ்திரீபார்ட் கெட்டிக்காரி என்றால் நாரதர் பாடு திண்டாட்டம்தான்.

அப்பத்தா அப்போது கத்துவாள். “விடாதடி! விடாத! கேளுடி அவனை!”

வீட்டில் தாத்தா இருந்த காலத்தில் அவர் எதிரில் நின்று பேசவே மாட்டாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த மனுஷியின் குரலா இது என்று எனக்கு அந்த வயதில் ஆச்சரியமாக இருக்கும். பக்கத்துப் பாயில் இருக்கும் பெண்களும் அதேபோலத்தான். பகலில் தலையைக் குனிந்து தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு நாரதரை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி. யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். நாரதரைத்தானே திட்டினார்கள், யார் என்ன சொல்ல முடியும்?

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஐந்து பைண்டுகளும் இருந்தன. ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்ததை அம்மாவின் அப்பா பத்திரமாகக் கிழித்து, அடுக்கி, பைண்டு போட்டுவைத்திருந்தார். கதையை விட அந்தப் பைண்டுகளின் உடம்பு எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. முதுகில் காடாத்துணி. கோந்து வாசனையும் பழைய தாளின் வாசனையும் கலந்து ஒரு நெடி. தைத்த நூல் சில இடங்களில் தளர்ந்து, மணியம் வரைந்த குதிரையின் பின்னங்கால் தையலுக்குள் போயிருக்கும். கதைப் பக்கத்தின் பின்புறம் பாதி சோப்பு விளம்பரம், பாதி வேறு யாரோ எழுதிய சிறுகதை. அந்தச் சிறுகதைகள் எல்லாம் நடுவிலேயே நின்றுவிடும், ஏனென்றால் மீதி இருந்த தாளைத் தாத்தா கிழிக்கவில்லை. ஒரு கதையில் ரயில் நிலையத்தில் ஒரு பெண் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பகலெல்லாம் அம்மாவை ஏவிக்கொண்டும் குறை சொல்லிக்கொண்டும் இருப்பாள். குழம்பில் புளி தூக்கல், வாசலில் கோலம் கோணல், பிள்ளைகள் காலில் செருப்பில்லை, எல்லாவற்றுக்கும் அம்மாதான் பொறுப்பு. ஆனால் சாப்பாடெல்லாம் முடிந்து ராத்திரி திண்ணை விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். அம்மா பைண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அப்பத்தா வெற்றிலைப் பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். அம்மா சத்தமாக வாசிக்கத் தொடங்குவாள். ஓர் அத்தியாயம். சில நாள் ஒன்றரை. சரியாக யாராவது சுரங்கப்பாதைக் கதவைத் திறக்கும்போது அம்மா பைண்டை மூடிவிடுவாள்.

“அப்புறம் என்னடி ஆச்சு?”

“நாளைக்கு, அத்தை. கண்ணு எரியுது.”

“இந்தா புள்ள, இன்னம் ஒரு பக்கம்தான். நாளைக்கு நானே மாவாட்டிப்புடுறேன்.”

பகல் முழுக்க யாரிடம் அதிகாரம் இருந்ததோ அவள் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கெஞ்சிக்கொண்டிருப்பாள். அம்மா அதை ரசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகத்தில் காட்டிக்கொள்ளமாட்டாள்.

வாசிப்பதற்கு நடுவே சண்டை வரும், கதைச் சண்டை. அம்மா குந்தவை கட்சி. படித்தவள், பொறுமைசாலி, குடும்பத்தையும் ராஜ்யத்தையும் ஒன்றாகத் தாங்குகிறவள், யாரிடமும் முகம் கொடுத்துச் சண்டை போடாமல் நினைத்ததை நடத்துகிறவள். அம்மாவுக்கு வேறு யாரைப் பிடிக்கும்? அப்பத்தா நந்தினி கட்சி. அதுவும் சாதாரணக் கட்சி இல்லை, அடிப்படை உறுப்பினர். உலகமே நந்தினியைச் சதிகாரி என்று சொன்னாலும் அப்பத்தா ஒத்துக்கொள்ளமாட்டாள். நந்தினி கெஞ்சியும் கேட்காமல் வீரபாண்டியனை ஆதித்த கரிகாலன் வெட்டிக்கொன்றதைத்தான் அவள் எடுத்துப்போடுவாள்.

“கெஞ்சிக் கேட்டாள்ல அவ? காலைப் புடிச்சுக் கேட்டாள்ல? அவ கண்ணுக்கு முன்னாடியே தலைய வெட்டிப்புட்டு வந்தான்ல அந்தப் பய? அப்பறம் அவ என்ன செய்வா, கும்மியா அடிப்பா?”

ஆதித்த கரிகாலனை யார் கொன்றது என்பதில் எங்கள் வீட்டில் ஒருபோதும் முடிவு ஏற்படவில்லை. கல்கியே அதைத் திட்டவட்டமாக முடித்துவைக்காமல் விட்டிருக்கிறார். தொடர் முடிந்தபோது, இன்னார் என்ன ஆனார், அது ஏன் இப்படி என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்ததால் தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டிவந்தது அவருக்கு. அப்பா மட்டும் நடுவில் வந்து, காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் முதலானவர்கள் பேர் இருக்கிறது என்று எங்கேயோ படித்ததைச் சொல்வார். “கல்வெட்டு கெடக்கட்டும். கல்லு என்ன பார்த்துச்சா?” என்பாள் அப்பத்தா. அதோடு அப்பா உள்ளே போய்விடுவார்.

எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்த ஒரு விஷயம் உண்டு. பெரிய பழுவேட்டரையரைப் பற்றி எல்லோரும் சிரிப்போம். கிழவருக்கு இளம் பெண்டாட்டி, அதுவும் அந்த நந்தினி, அவளுக்காகப் பல்லக்கு, மூடுதிரை, பொறாமை என்று சிரிக்க எவ்வளவோ இருக்கிறது. அப்பத்தா மட்டும் சிரிக்கமாட்டாள். ஒரு தடவை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “அவன் கெட்டவன் இல்லத்தா. வயசானவன். அம்புட்டுத்தான்.” அம்மா மேற்கொண்டு வாசித்தாள். அப்பத்தா எங்கள் தாத்தாவுக்கு இரண்டாந்தாரம். கல்யாணத்தின்போது அவளுக்குப் பதினாறு வயது, தாத்தாவுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. இந்தத் தகவல் எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை. அவள் தன் கல்யாணத்தைப் பற்றி வாழ்நாளில் சொன்ன ஒரே அபிப்பிராயம் பழுவேட்டரையரைப் பற்றிச் சொன்ன அந்த மூன்று வாக்கியம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மாவுக்குத் தனியாக இன்னொரு வாசிப்பு இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், யாருக்கும் எதுவும் தேவைப்படாத ஒரு மணி நேரத்தில். அதற்குப் புத்தகம் கிளை நூலகத்திலிருந்து வரும். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில், வீட்டுவரியோடு சேர்த்து வாங்குகிற நூலக வரியில், எங்கள் மாதிரிச் சின்ன ஊர்களுக்கும் ஓட்டுக்கட்டடத்தில் ஒரு நூலகம் கிடைத்தது. அம்மா ஒருநாளும் அங்கே போனதில்லை. நான்தான் பையோடு போவேன். நூலகர் அம்மாவைப் பார்த்ததே கிடையாது, ஆனால் “இதை அம்மா எடுத்தாச்சு, இது அவங்களுக்குப் புடிக்காது, இதைக் குடு” என்று சரியாக எடுத்துக்கொடுப்பார். ஊரில் அம்மாவை அவ்வளவு தெரிந்த ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் அம்மாவிடம் எதைக் கேட்டாலும் “ம்” என்றுதான் பதில் வரும். சத்தமாக வாசிக்கும்போது அவள் வீட்டின் நடுவில் இருப்பாள், மனதுக்குள் வாசிக்கும்போது வீட்டிலேயே இருக்கமாட்டாள். அப்பாவுக்கு அந்த “ம்” கொஞ்சம் பயம் என்று எனக்குத் தோன்றும்.

டிவி வந்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஆன்டெனாவைத் திருப்பப் போவதில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியிருந்தாலும் எங்கள் தெருவுக்கு டிவி வந்தபோது ‘ராமாயணம்’ ஓடிக்கொண்டிருந்தது. அதாவது 1987, ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தி யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, கதைதான் தெரியுமே. எதிர்வீட்டுக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருக்க, அப்பத்தா இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னாள்: “எல்லாம் சரி, பபூனை எங்க?”

சிரித்தோம். ஆனால் அது நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க நடக்கிற நாடகத்தில் பபூன் வெறும் சிரிப்புக்காக வருவதில்லை. கதையை நிறுத்தி, ஊர்க்காரர்களோடு பேசி, இது உங்கள் கதைதான் என்று காட்டிவிட்டுப் போகிற ஆள் அவர். டிவியில் அந்த ஆள் கிடையாது. அதனால் அந்த வேலையைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கைகேயி வந்தால் ஒரு வசவு, பரதன் வந்தால் ஒரு ‘ப்ச்’, நடுவில் தன் தம்பியைப் பற்றி ஒரு பெருமூச்சு.

1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. அதற்கப்புறம் தினத் தொடர்கள். தொடர்களைக் கிண்டல் செய்வது ரொம்ப சுலபம். ஒரே வசனத்தைக் கேட்டு ஐந்து பேர் அதிர்ச்சியாகிறார்கள், ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தடவை கேமரா போய் வருகிறது, ஒரு கல்யாணம் இரண்டு மாதம் நடக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்காக அப்படி எடுக்கிறார்கள் என்று சமையல்கட்டில் நின்று பார்த்தால் புரியும். அம்மா ஒரு தொடரையும் முழுசாகக் கண்ணால் பார்த்ததில்லை. பாதியைக் காதால் கேட்பாள், தோசையைத் திருப்பிவிட்டு வந்து மீதியைப் பார்ப்பாள். பாத்திரங்கள் மனதில் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வது அவளுக்காகத்தான். விடிய விடிய நடக்கும் நாடகம் நடுவில் தூங்கி எழுகிறவர்களுக்காக அமைந்தது. வாராந்தரத் தொடர்கதை ஏழு நாள் இடைவெளியில் மறந்துபோகிறவர்களுக்காக எழுதப்பட்டது. தினத்தொடர் அடுப்புக்கும் கூடத்துக்கும் நடக்கிறவளுக்காக. மூன்றுமே ஒரு வேலையில் முழுசாக உட்கார முடியாத குடும்பத்து மனிதர்களுக்கான கலைகள். இருட்டில், வாயை மூடிக்கொண்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பதுதான் உயர்ந்த ரசனை என்று யார் சொன்னது தெரியவில்லை. அவர்கள் வீட்டில் வேறு யாரோ சமைத்திருக்க வேண்டும்.

ஆனால் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். ரிமோட் யார் கையில் இருந்ததோ அவர்கள் பார்த்ததைத்தான் மற்றவர்கள் பார்த்தோம். கிரிக்கெட் இருக்கும் நாளில் அம்மாவின் தொடர் போச்சு. பரீட்சை வந்தால் எல்லோருக்கும் போச்சு.

‘மெட்டி ஒலி’ 2002இலிருந்து 2005 வரை ஓடியது. திருமுருகன் இயக்கியது. மனைவியை இழந்த ஒரு தகப்பன், ஐந்து பெண்கள், ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒவ்வொரு பிரச்சினை. அப்பத்தா அப்போது இல்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, திண்டுக்கல் பக்கம் கொடுத்திருந்தோம். அப்பா எந்தத் தொடரையும் பார்க்கிற ஆள் கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிவிட்டு வந்து, செய்தி பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆனால் இதை மட்டும் பார்த்தார். நேராக உட்கார்ந்து பார்க்காமல், தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி சொம்போடு நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு பார்ப்பார். டெல்லி குமார் நடித்த அந்தச் சிதம்பரம் ஏதாவது ஒரு மருமகன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றால், அப்பா சொம்பை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அக்கா வீட்டில் தொலைபேசி கூடத்தில் இருந்தது. பக்கத்திலேயே அவள் மாமியாரின் நாற்காலி. என்ன பேசினாலும் அந்த அம்மா காதில் விழும். அதனால் அப்பாவும் அக்காவும் தொடரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஐந்து பெண்களில் சரோ என்று ஒருத்தி, மாமியாரிடம் படாதபாடு படுகிறவள். அப்பா போனை எடுத்து, மாப்பிள்ளையை விசாரித்து, மழையை விசாரித்து, கடைசியில் சாதாரணமாகக் கேட்பார்: “அப்புறம், சரோ எப்படிம்மா இருக்கா?” அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, “பரவாயில்லப்பா, இந்த வாரம் கொஞ்சம் நல்லாத்தான் போகுது” என்பாள். சில நாள், “அவளுக்கு என்னப்பா, பேசாம இருக்கா” என்பாள். அவர்கள் இதைத் திட்டம் போட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்று எனக்குத் தெரியாது. வெறும் சீரியல் பேச்சு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அப்பா போனை வைத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். “நேத்து சரோ ராத்திரியெல்லாம் அழுதாளாம். சாப்பிடக்கூட இல்லையாம்.”

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள். “நேத்து சரோ வரவே இல்லைங்க.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் அப்பா கிளம்பிப் போனார். சண்டை போடவில்லை. காபி குடித்துவிட்டு, சம்பந்தியோடு மழை, விளைச்சல் பற்றிப் பேசிவிட்டு, கிளம்பும்போது மாப்பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அந்த வழியில் என்ன பேசினார் என்று இருவரும் சொன்னதில்லை. இரண்டு மாதத்தில் அக்காவும் அத்தானும் தனிக்குடித்தனம் போனார்கள். அக்கா இன்றைக்கும் அந்தத் தொடரை வேண்டாம் என்றுதான் சொல்வாள். 2020இல் ஊரடங்கின்போது மறுபடி ஒளிபரப்பினார்களே, அப்போது அம்மா சென்னையில் என்னோடு உட்கார்ந்து தினமும் பார்த்தாள். அக்கா மட்டும், “அந்த ‘அம்மி அம்மி’ பாட்டைக் கேட்டாலே வயித்தைப் பிசையுது, சவுண்டைக் குறைச்சுட்டுப் பேசு” என்பாள் போனில்.

சென்னை சபா நாடகங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கல்யாணமாகி இங்கே வந்தபின் போனதுதான். 2009 வாக்கில் அப்பா வந்திருந்தபோது கிரேஸி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’வுக்குக் கூட்டிப்போனேன். அங்கே வசனம் தோட்டா மாதிரி வரும், ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது பாய்ந்துவிடும். அப்பா எல்லோரும் சிரித்து முடித்தபின் தனியாக ஒருமுறை சிரிப்பார். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது, வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. பபூனை மட்டும் வெச்சே முழு நாடகத்தையும் முடிச்சுட்டாங்க.” மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. மீதி ராத்திரியை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி பார்க்கிங்கில் நின்றார்.

ஆட்டோவில் வரும்போது, கிரேஸி மோகன் தன் நாடகங்களில் கதாநாயகிக்கு ஜானகி என்றே பேர் வைப்பார், அது அவரைச் சின்ன வயதில் மேடையேற்றிய பள்ளிக்கூட டீச்சரின் பேர் என்று சொன்னேன். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. நன்றி என்று ஒருதரம் நேரில் போய்ச் சொல்வதைவிட, ஒரு பேரை எழுதி எழுதி வருடக்கணக்காகச் சொல்வது அவருக்குப் புரிகிற பாஷையாக இருந்திருக்கும். 2019 ஜூனில் மோகன் காலமானபோது அப்பாவும் இல்லை.

2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தது. 1999இலேயே மேஜிக் லான்டர்ன் குழு நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் அதை நாடகமாகப் போட்டிருக்கிறது. நான் அப்போது ஊரில் இருந்தேன், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. படத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். ஊரில் இருந்த பைண்டுகளில் மூன்றைக் கரையான் தின்றுவிட்டது, மீதி இரண்டு என் அலமாரியில் இருக்கின்றன. தியேட்டரில் அம்மா முதல் அரைமணி நேரம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். இவன் இப்படி இருக்கமாட்டான், இந்த இடம் இதற்கு முன்னால் வரணும், ஏரிக்கரையை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம். என் மகளுக்கு ஒரே தர்மசங்கடம். நந்தினி வந்தபின் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். “நந்தினியைப் பாம்பு, விஷம்னு கல்கி நிறைய இடத்துல யாரையாவது சொல்ல வெச்சிருப்பார்ல? அதையெல்லாம் நான் அத்தைக்கு வாசிச்சதே இல்ல. தாண்டிப் போயிருவேன்.”

“ஏன்?”

“அவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பகலில் புளிக்குழம்புக்கும் கோலத்துக்கும் திட்டு வாங்கிக்கொண்டு, ராத்திரியில் அந்த மாமியாருக்காகக் கல்கியையே எடிட் செய்திருக்கிறாள். அதுவும் குந்தவை கட்சியில் இருந்துகொண்டு. அப்பத்தா தன் காலம் முடிகிற வரை கேட்டது அம்மா திருத்திய பதிப்பு. அதில் நந்தினியை யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒருவேளை அப்பத்தாவுக்கும் சந்தேகம் இருந்திருக்கலாம். நடுவில் சில நாள், “என்னடி, பக்கம் தாவுற மாதிரி இருக்கு?” என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா கண் எரிவதாகச் சொன்னாள்.

இப்போது எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு திரை. என் கணவர் லேப்டாப்பில் ஏதோ துப்பறிகிறார். அம்மா டிவியில் அவள் தொடர்களைப் பார்க்கிறாள், இப்போதும் பாதியைக் காதால்தான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள் செல்போனில் கொரியத் தொடர் பார்க்கிறாள். காதில் இரண்டு வெள்ளைக் குமிழ், கூப்பிட்டால் கேட்காது. கூப்பிட்டால், அந்தக் காலத்து அம்மா மாதிரியே, “ம்”. இது எனக்குக் கவலையாக இருந்தது. பேச்சே இல்லையே, பேசுவதற்கு நடுவில் வைத்துக்கொள்ள ஒரு கதைகூட இல்லையே என்று.

போன மாதம் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். “இதுல ஒரு அம்மா வருவாங்க. செம எரிச்சல். பொண்ணு ரூமுக்குள்ள கதவைத் தட்டாமலே வருவாங்க. அவ போனை எடுத்துப் பாப்பாங்க. கேட்டா, உன் நல்லதுக்குத்தான்னு அழுவாங்க.”

“அப்படியா” என்று சொல்லி ரசம் ஊற்றிக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கும்போதுதான் சுரீர் என்றது. சரோ எப்படி இருக்கிறாள் என்று இவ்வளவு வருடம் கழித்து என்னிடம் ஒருத்தி சொல்கிறாள், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ராத்திரியே அந்தத் தொடரை முதல் பகுதியிலிருந்து ஆரம்பித்தேன். வசனம் புரியாது, கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க வேண்டும், அதனால் அடுப்படியில் நின்று பார்க்க முடியவில்லை. இது ஒன்றுதான் எனக்கு அதில் குறை. மற்றபடி நன்றாகவே இருக்கிறது. அந்த அம்மா நிஜமாகவே தாங்க முடியாத பொம்பளைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏழாவது பகுதியில் அவளுடைய அம்மா வருகிறாள். அங்கே கதை கொஞ்சம் மாறுகிறது.

நேற்று மகளிடம் சொன்னேன். “அந்த அம்மா மேல முழுசாத் தப்புன்னு சொல்ல முடியாதுடி. அவங்க அம்மா அவங்களை என்ன பாடு படுத்துனாங்கன்னு பாத்தியா?”

அவள் ஒரு குமிழைக் காதிலிருந்து எடுத்தாள். “நீ எப்ப பாத்தே?”

“பாத்தேன். கதவைத் தட்டாம வர்றது தப்புதான். அதை நானும் ஒத்துக்கிறேன்.”

“அவங்க அம்மா வேற வர்றாங்களா? ஐயோ, ஸ்பாய்லர் சொல்லாதம்மா” என்று கத்திவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் இன்னும் ஐந்தாவதில்தான் இருக்கிறாளாம், அரையாண்டுப் பரீட்சை முடிந்துதான் மீதியைப் பார்ப்பாளாம். அதுவரைக்கும் எட்டாவதைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.